நாலெழுத்து

கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகள் அனுப்பும் பதில் எப்போதும் ஒரே எழுத்துதான். "சாப்பிட்டியா கண்ணு?" 'கே'. "பணம் போட்டிருக்கேன்." 'கே'. பனியன் கம்பெனியில் உட்கார்ந்து இருபது வருசமாக வெளிநாட்டுப் பையர்களுக்கு இங்கிலீஷில் மெயில் அடிப்பவனுக்குப் பொறுக்குமா? ஓ, கே, ஏ, ஒய் என்று நாலெழுத்து இருக்கிறது, முழுசாக எழுதிப் பழகு என்று ஒரு முழம் நீளத்துக்குப் பாடம் நடத்தினேன்.

"அப்பா, அந்த வார்த்தையே ஸ்பெல்லிங் மிஸ்டேக்தான்" என்று பதில் வந்தது.

தேடிப் பார்த்தால் பிள்ளை சொன்னது நிசம். 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' பத்திரிகையில், 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே 'ஓல் கொரெக்ட்' ஆக்கி, அதன் முதலெழுத்துகளை அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்களின் குசும்பு. மறு வருசம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். மார்ட்டின் வான் பியூரன் கிண்டர்ஹூக் ஊர்க்காரர் என்பதால் அவர் ஆட்கள் 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று அதே இரண்டெழுத்தைக் கோஷமாக்கினார்கள். மனிதர் தோற்றார், எழுத்து ஜெயித்தது. நான் கட்டிக்கொண்டு அழுத நாலெழுத்து பின்னால் வந்த ஒட்டு.

அர்த்தமாவது நிலையாக இருக்கிறதா? பையர் சாம்பிளுக்கு ஓகே போட்டு அடியில் கமெண்ட்ஸ் எழுதியிருந்தால், பிரித்துத் தை என்று பொருள். பவர் டேபிள்காரர் "ஓகேங்க" என்றால் சனிக்கிழமைக்குள் சரக்கு வராது.

இந்த வாக்குவாதம் நடந்த ராத்திரிதான், புது வீட்டுப் பெயர்க்கல்லுக்குச் சொல்லியிருந்த திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடத்திலிருந்தும் படம் அனுப்பிக் கேட்டிருந்தார்கள்: "நீங்க அனுப்பின பேரை இப்படியே வெட்டிரலாங்களா?" படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மகளுக்கு முன்மாதிரியாக நாலெழுத்தையும் தட்டிவிட்டேன்.

கல் வந்தது. முத்து முத்தாக 'முருகன் அருல்'. போனைத் துழாவினால், நான் அனுப்பியதும் அதேதான்.

"நீங்க ஓகேன்னீங்கல்லங்க, ஏதோ நியூமராலஜின்னு நெனச்சனுங்க" என்றார் சிற்பி அண்ணன்.

சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொருளையெல்லாம் பூதகணங்கள் வேடர் வேசத்தில் வந்து சுந்தரரிடம் பறித்தது இதே பூண்டியில்தான். அவர் பதிகம் பாடி மீட்டுக்கொண்டார். எனக்கு ஒரு 'ள்' போதும். பாடினால் அக்கம்பக்கம் வீட்டைக் காலிபண்ணிவிடும்.

வீட்டுக்காரி கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"திருப்பிப் போட்டா துணி தொவைக்க ஆகுமுங்க. பேரு மண்ணைப் பாத்துக் கெடக்கட்டும்."