பெட்டி சுமக்கும் புஷ்பக விமானம்

2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் செஸ்னா விமானங்களைத் தயாரிக்கும் நிறுவனத்தார், ஸ்கைகூரியர் என்னும் இரட்டை டர்போபிராப் சரக்கு விமானத்தைச் செய்யப்போவதாகப் பிரகடனம் செய்ததும், ஃபெடெக்ஸ் கம்பெனியார் 50 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, இன்னும் 50 வாங்கிக்கொள்ளும் உரிமையையும் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். பணம் போடுகிறவர்கள் திருப்தியடைந்துவிடலாம். ஓட்டுகிறவர்களைத் திருப்திப்படுத்தப் பிரம்மதேவனாலும் ஆகாது.

படத்தில் மட்டுமே அவதரித்திருந்த அந்த விமானத்தைப் பார்த்த மாத்திரத்தில், பழைய ட்வின் ஆட்டர் விமானம்தான் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்றார்கள் விமானிகளில் ஒரு சாரார். மடங்காத சக்கரங்களைக் கண்டு சிலர் முகஞ்சுளிக்க, மடங்காத சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றைத் தரையில் தேய்க்கும் அபாயம் இல்லையே என்று வேறு சிலர் சமாதானம் சொன்னார்கள். ஒற்றை எஞ்சின் காரவான் விமானத்தில் நள்ளிரவில் மலைகளைத் தாண்டிப் பழகியவர்களோ, இரண்டாவது எஞ்சினை மனமாரப் பூஜித்தார்கள். கேபினில் காற்றழுத்த வசதி இல்லை என்ற ஆட்சேபத்துக்கு, பார்சல்களுக்குக் காது அடைப்பதில்லை என்பதே பதில். எல்டி3 என்னும் விமானச் சரக்குக் கொள்கலன்கள் மூன்றை அப்படியே உள்ளே தள்ளிவிடலாம் என்ற செய்தியோ, பெட்டி பெட்டியாக அடுக்கி இடுப்பொடிந்தவர்களுக்கு வேதவாக்காயிற்று.

இத்தனை விவாதத்துக்கும் அடியில் கிடந்த சந்தேகம் ஒன்றுதான்: எஞ்சின் இரண்டாகும்போது சம்பளமும் இரண்டாகுமா? அதைப் பற்றி மட்டும் விமானத்தின் விவரக்குறிப்பு மௌன விரதம் அனுஷ்டித்தது.