வைகையில் ஒரு பூகோள வகுப்பு

பள்ளிப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, பூகோளத்தையும் சரித்திரத்தையும் ஏககாலத்தில் புகட்டிவிட வேண்டும் என்று கல்வி நிபுணர்கள் சொல்லிவரும் யோசனையை நான் மனப்பூர்வமாக ஆதரிப்பவன். ஆனால் அந்த நிபுணர்கள் யாவரும் காவிரிக் கரையிலோ தாமிரபரணிக் கரையிலோ பிறந்து வளர்ந்தவர்களாகவே இருக்க வேண்டும் என்பதும், உத்தியோகஸ்தர்களைத் தண்டிப்பதற்கென்றே 'தண்ணியில்லாக் காடு' என்ற பட்டத்தைச் சூட்டி வைத்திருக்கும் எங்கள் இராமநாதபுரம் ஜில்லாவில் அவர்கள் ஒரு நாளேனும் வாத்தியார் வேலை பார்த்திருக்க மாட்டார்கள் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

திருப்புல்லாணிவாசியாகிய எனக்கு ஜலத்தின் மனோபாவம் ஒருவாறு பழக்கமானதே. இலங்கைக்குப் போகவேண்டிய ஸ்ரீராமபிரான், வழிவிடும்படி சமுத்திரராஜனை வேண்டித் தர்ப்பையைப் பரப்பிப் படுத்துக் கிடந்த தலம் எங்களுடையது. ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் அந்தச் சயனக் கோலத்தை இன்றைக்கும் சேவிக்கலாம். நாலு கிலோமீட்டர் போனால் சேதுக்கரை. அங்கே பித்ருக்களுக்குத் திதி கொடுப்பதற்கு வேண்டிய அளவு சமுத்திரம் இருக்கிறது, குடிப்பதற்குத்தான் ஒரு சொம்பு கிடையாது. ஆகவே, நீரிடம் வரம் கேட்டுக் காத்துக் கிடப்பது எங்கள் ஊரில் திரேதாயுகத்திலேயே தொடங்கிவிட்ட சம்பிரதாயம். ஒரே வித்தியாசம், பகவான் நீரை விலகச் சொல்லிக் கேட்டார். நாங்கள் வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்படிப்பட்ட சீமைக்கு, எங்கள் ஊருக்குச் சற்றுத் தள்ளியுள்ள கிராமத்துப் பள்ளியொன்றின் பூகோள ஆசிரியராக, தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் மாற்றலாகி வந்து சேர்ந்தார். வாய்க்காலில் விழுந்து நீச்சல் பழகி, மதகில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்து, ஆடிப்பெருக்கில் சித்திரான்னம் சாப்பிட்டு வளர்ந்த அவருக்கு, ஆறு என்றால் அதில் நீர் இருக்கும் என்ற ஒரு மூடநம்பிக்கை இருந்தது. இங்கிலாந்திலே பள்ளிப் பிள்ளைகள் முழங்கால் மட்டும் ரப்பர் ஜோடுகளை மாட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, குறுக்கே நாடாவைப் பிடித்து அகலத்தை அளந்து, கோலை ஊன்றி ஆழத்தைக் கணித்து, ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு அது பத்து மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் பார்த்து நீரோட்டத்தின் வேகத்தையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று எங்கோ படித்திருந்த அவர், அதே ஏற்பாட்டை வைகையில் அப்படியே நடத்திக் காட்டுவது என்று சங்கற்பம் செய்துகொண்டார். பூகோளத்தை அவர் பார்த்துக்கொள்வார், சரித்திரத்துக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். சரித்திர ஞானத்துக்காக அழைத்தார்களா, நானே சரித்திர சம்பந்தமான ஒரு வஸ்துவாகிவிட்டபடியால் அழைத்தார்களா என்பதை நான் விசாரிக்கவில்லை.

செலவுக்குப் பணம் இல்லை என்று தலைமையாசிரியர் முதலில் கையை விரித்தார். இது இந்தச் சீமையின் புராதன மரபுதான் என்று நான் ஆசிரியரைத் தேற்றினேன். ஏனெனில் ஆற்றைப் பற்றிய முதல் கள ஆராய்ச்சியை யோசித்தவரே இராமநாதபுரம் சமஸ்தானத்தார்தான்: மேற்கே வீணாகப் பாயும் பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்ப முடியுமா என்று 1789-ஆம் வருஷத்திலேயே பிரதானி முத்து இருளப்ப பிள்ளை ஆராய்ந்து பார்த்து, செலவு தாங்காது என்று கைவிட்டார். அதே காரியத்தைப் பென்னிகுயிக் துரை முடித்துக் கொடுத்தது 1895-இல். நூற்றாறு வருஷம் பொறுத்த சீமைக்கு ஒரு வேன் வாடகை பெரிதல்ல என்று தலைமையாசிரியர் எப்படியோ மனமிரங்கினார்.

பிறகு பெற்றோரின் சம்மதக் கடிதம். ஆற்றில் இறங்குதல், நீந்துதல், ஆழமான பகுதிகளை அணுகுதல், கரையோரத்தில் நின்று புகைப்படம் எடுத்தல் ஆகிய யாவற்றையும் தடைசெய்து, அசம்பாவிதம் ஏதும் நேர்ந்தால் இன்னின்னார் பொறுப்பல்ல என்று அச்சிட்டிருந்த அந்தப் படிவத்தைப் பேரன் படித்துக் காட்டக் கேட்ட ஒரு பாட்டி, நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டாள். "எங்க ஆத்தா வீடு ஆத்துக்கு அக்கரைலதான் சார் இருந்துச்சு. கண்டாங்கியத் தூக்கிச் சொருகாமத்தான் அந்த ஆத்தக் கடந்து வாக்கப்பட்டு வந்தேன். நீங்க என்னடான்னா எம் பேரன் முங்கிப் போயிருவான்னு கைநாட்டுக் கேக்குறீக!" என்றாள். கைநாட்டு வைத்துவிட்டுத்தான் போனாள். ஆனால் போகும்போது ஆசிரியரைப் பார்த்த பார்வையில் இரக்கம் மிகுந்திருந்தது.

முதல் நிறுத்தம் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாய். வருஷநாட்டு மலையில் பிறந்து, தேனி, மதுரை, சிவகங்கைச் சீமைகளில் வழிநெடுகக் கப்பம் கட்டிவிட்டு, ஏறக்குறைய 258 கிலோமீட்டர் நடந்து வரும் வைகை, மற்ற நதிகளைப் போல நேரே சமுத்திரத்தில் சென்று சங்கமிக்காமல் இந்தக் கண்மாயில் வந்து அடங்கிவிடும் விந்தையை ஆசிரியர் பிள்ளைகளுக்கு விஸ்தாரமாக எடுத்துரைத்தார். வைகை அணை நீரைப் பன்னிரண்டு பங்காக்கினால் மதுரைக்கு 2, சிவகங்கைக்கு 3, இராமநாதபுரத்துக்கு 7 என்ற விகிதத்தையும் மணலில் எழுதிக் கரும்பலகையில்லாக் குறையைத் தீர்த்துக்கொண்டார். பெரும்பங்கு நமக்குத்தான் என்று தெரிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு கரைமேல் ஏறி நின்று, தங்கள் ஏழு பங்கும் எங்கே என்று தேடினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலங்காடு தெரிந்தது.

என் முறை வந்தது. கடலுக்குள் வைகை புகாததற்குத் தனிப்பாடற் புலவர் ஒருவர் சொல்லும் காரணத்தைக் கூறினேன்: பாற்கடல் கடைந்த காலத்தில் பரமசிவனுக்கு நஞ்சைக் கொடுத்த பாவி என்று கடலின்மேல் வைகைக்குத் தீராத கோபமாம், அதனால்தான் அதன் வீட்டு வாசற்படி மிதிப்பதில்லையாம். நீரியல் நிபுணர்கள் அணைகளையும் கால்வாய்களையும் கண்மாய்ச் சங்கிலிகளையும் காட்டி இதை மறுக்கலாம். ஆனால் இல்லாமையைக்கூட மானப் பிரச்சினையாக்கிப் பேசும் சாமர்த்தியம் நிபுணர்களுக்கு ஏது? பரிபாடலில் முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களில் 8 பாடல்கள் வையையின் பெருக்கையும் அதில் மதுரை மாந்தர் ஆடிய புனலாட்டையுமே வர்ணிக்கின்றன என்றும் சொன்னேன். ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, அது வேற வைகையா?" என்று வினவினாள். தமிழாராய்ச்சியாளர்கள் எழுப்பத் தவறிய கேள்வி அது.

அடுத்தது அளவைப் பரீட்சை. ஊருக்கு மேற்கே ஆற்றுப் படுகையில் இறங்கினோம். 'இறங்கலாகாது' என்ற நிபந்தனை அங்கேயே காலாவதியாயிற்று, ஏனெனில் வேனே ஆற்றுக்குள் இறங்கித்தான் நின்றது. அகலத்தை நாடா பிடித்து அளந்ததில் யாதொரு சங்கடமும் இல்லை. அகலத்துக்கு எங்கள் வைகையில் குறைவே இல்லை. வேகம் வந்தபோதுதான் சோதனை. ஆசிரியர் சத்தியசந்தர், திட்டத்தில் எழுதியதை ஒரு வரிகூட விட மனமில்லாதவர். பையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்து, பத்து மீட்டருக்குக் கோடு கிழித்து, இரண்டு கோஷ்டிப் பிள்ளைகளிடம் கடிகாரத்தைக் கொடுத்து, பழத்தை மணல்மேல் பக்தியோடு வைத்துவிட்டு விலகி நின்றார். அனைவரும் பழத்தையே உற்றுநோக்கினோம். பழமும் எங்களை நோக்கியது. 'பூஜ்யம்' என்று முதல் கோஷ்டி எழுதி முடித்த தறுவாயில், படுகையில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு ஒன்று, விஞ்ஞானத்தில் தனக்குள்ள ஈடுபாட்டை இதற்குமேல் அடக்க மாட்டாமல், ஓடிவந்து பழத்தைக் கவ்விக்கொண்டு கிழக்குத் திசையில் பாய்ந்தது. இரண்டாவது கோஷ்டியார் சமயோசிதமாகக் கடிகாரத்தை அழுத்திவிட்டார்கள். அவர்களுடைய கணக்குப்படி அன்றைய தினம் வைகை, இங்கிலாந்து தேசத்து எந்த ஓடைக்கும் இளைக்காத வேகத்தில், சரியான திசையிலேயே ஓடியது.

ஆழத்தை அளக்கும் காரியத்தைப் பிள்ளைகள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். கோலை ஊன்ற நீர் இல்லையென்றால் என்ன? ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டுவது இந்தப் பக்கத்துக் குழந்தைகள் எழுத்துப் பழகுமுன்பே பழகிக்கொள்ளும் வித்தை. ஓரிடத்தில் கோரையின் பசுமையைப் பார்த்துக் குந்தினார்கள். மணலை அள்ளி அள்ளி வெளியே எறிந்தார்கள். முழங்கை ஆழம் போனதும் ஈரம், தோள் ஆழம் போனதும் கலங்கல், சற்றுப் பொறுத்ததும் தெளிந்த நீர். ஒரு பெண் எங்கிருந்தோ கொட்டாங்கச்சி கொண்டுவந்து மொண்டு, முதலில் ஆசிரியருக்குக் கொடுத்தாள். காவிரி நீர் குடித்து வளர்ந்த அந்த இளைஞர் குடித்துப் பார்த்துவிட்டு, சில நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நோட்டுப் புத்தகத்தில் 'ஆழம்' என்ற கட்டத்துக்கு நேரே, அளவைக் கழித்தல் குறியோடு எழுதச் சொன்னார். மணலின் அடியில் நீர் எப்படித் தங்குகிறது, மணலை வாரிவிட்டால் அது ஏன் தங்காது என்ற பாடத்தை அன்று அவர் பாடப்புத்தகத்தைத் திறக்காமல் நடத்தினார், நன்றாகவும் நடத்தினார். பிட்டுக்கு மண் சுமந்த சிவபெருமான் கதையை நான் இடையே செருகினேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த வேன் ஓட்டுநர், "இப்ப மண்ணு சுமக்கப் பிட்டெல்லாம் வேணாம் சார், ராத்திரிக்கு லாரி இருந்தாப் போதும்" என்றார். திருவிளையாடற் புராணத்துக்கு இவ்வளவு சுருக்கமான விருத்தியுரையை நான் கேட்டதில்லை.

புளியோதரைப் பொட்டலங்களைக் காலிசெய்துவிட்டு, கண்மாய்க்கு மிஞ்சிய ஆற்றுநீர் கடலைத் தொடும் ஆற்றங்கரைக் கிராமத்துக்குப் போனோம். முகத்துவாரத்தில் நீரைக் கண்டதும் பிள்ளைகள் ஆரவாரித்தார்கள்; ஒருவன் வாயில் விட்டு உடனே துப்பினான். கடலைத் தேடி ஆறு வராதபோது கடலே ஆற்றைத் தேடி உள்ளே வந்திருந்தது. அதன் அருகேதான் அழகன்குளம். 1986 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை பல பருவங்களில் அகழ்ந்த அந்த மேட்டில், ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் காசுகளும், யவனர் மது கொண்டுவந்த ஜாடிகளின் சிதறல்களும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், பானையோட்டில் கீறிய பாய்மரக் கப்பல் ஒன்றின் சித்திரமும் கிடைத்தன. சாம்ராஜ்யங்களோடு வாணிபம் செய்த துறைமுகத்தில் நின்றுகொண்டு, நான் என் குரலைச் சற்று உயர்த்தி, யவனக் கப்பல்களைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். கேட்பவர் யாருமில்லை. பிள்ளைகள் யாவரும் குனிந்துகொண்டிருந்தார்கள்.

குனிந்தவர்களில் ஒருவன், கறுப்பும் சிவப்புமான ஓர் ஓட்டைக் காட்டி, "இது உள்ள கறுப்பு, வெளிய செவப்பு. கவுத்து வச்சுச் சுட்டது. எடுக்கக் கூடாது, போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டு இருந்த எடத்துலயே வச்சிரணும்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். விசாரித்தேன், அவனுடைய அண்ணன் எங்கள் திருப்புல்லாணி சுரேஷ் சுதா அழகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தவனாம். அந்தப் பள்ளியில் ஆசிரியர் வே. இராஜகுரு நடத்திய தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தின் பெருமையைச் சொல்லாமல் இந்த ஜில்லாவில் சரித்திரப் பயணத்தைப் பற்றிப் பேசுவது தகாது. பிராமி எழுத்தையும் கல்வெட்டையும் படிக்கப் பழகிய பிள்ளைகள், ஊருக்கு ஊர் மேடுகளையும் கண்மாய்க் கரைகளையும் சுற்றினார்கள். எங்கள் ஊரில் மாணவி ஒருத்தி தன் வீட்டருகிலேயே ராஜராஜன் பெயர் பொறித்த ஈழக்காசைக் கண்டெடுத்த செய்தி பத்திரிகைகளில் வந்த தினம், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தம் கொல்லையை முழுவதும் கொத்திப் போட்டார். சரித்திரம் கிடைக்காவிட்டாலும் அந்த வருஷம் அவருக்குக் கத்தரிக்காய் நன்றாகக் காய்த்தது.

அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறுதிப்பட்டது. நீர் நிறைந்த ஆற்றுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர் அதன் முகத்தை மட்டுமே காட்ட முடியும். கவனமெல்லாம் யாரும் விழுந்துவிடக் கூடாதே என்பதிலேயே போய்விடும். எங்கள் ஆறோ ஒளிப்பதற்கு எதுவும் இல்லாதது. மணல் எப்படி வந்தது, கரை எப்படி மாறியது, யார் தோண்டினார்கள், யார் அள்ளினார்கள், யார் பானையை உடைத்தார்கள் என்பதையெல்லாம் பட்டப்பகலில் விரித்து வைத்திருக்கிறது. கீழடியில் 2015 முதல் தென்னந்தோப்புகளுக்கு அடியில் வெளிப்பட்ட வைகைக்கரை நாகரிகத்தைப் பார்க்க, 2023-இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு இப்போது பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் போகிறார்கள். போகட்டும், கண்ணாடிப் பேழைகள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் குனிந்து பார்க்கக் கற்ற பிள்ளைக்கு, போகிற வழியிலிருக்கும் வறண்ட படுகையும் பாடசாலையே. இதை நான் தஞ்சாவூர் ஆசிரியரிடம் கூறியபோது, "ஐயா, நீங்கள் குறையைக் குணமாக்கிப் பேசுகிறீர்கள்" என்றார். ஆயிரம் வருஷமாக அதைத்தானே இங்கே செய்துவருகிறோம் என்றேன்.

பயணம் அமோக வெற்றி என்று தலைமையாசிரியரே ஒப்புக்கொண்டு, வருஷந்தோறும் நடத்த உத்தரவிட்டார். மறுவருஷம் தேதி குறித்து, வேன் பேசி, சம்மதக் கடிதங்களில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கியாயிற்று. பாட்டி இம்முறை ஆட்சேபம் சொல்லவில்லை. ஆசிரியர் ஆரஞ்சுப் பழங்கள் ஒரு கிலோ வாங்கி, ஆட்டுக்கென்று தனியாக ஒன்றும் ஒதுக்கி வைத்திருந்தார். அந்த ஐப்பசியில் மேற்கே மலையில் மழை வலுத்து, அணை நிரம்பி, மதகுகள் திறக்கப்பட்டு, மதுரையைத் தாண்டி, மானாமதுரையைத் தாண்டி, எங்கள் ஏழு பங்கும் பாக்கியில்லாமல் நுரைதள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தது. பள்ளி வாசலில் உடனே ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: வைகையில் தண்ணீர் வந்துவிட்டபடியால் ஆறு காணும் பயணம் ரத்துச் செய்யப்படுகிறது, தண்ணீர் வற்றியதும் மறுதேதி அறிவிக்கப்படும்.