மறுமொழி தராத கணினி: திருவாதவூர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

மேலூர் வட்டத்துத் திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பதைச் சைவ உலகம் அறியும். கபிலர் பிறந்ததும் இங்கேதான் என்று திருவிளையாடல் மரபு சொல்லும். இரண்டு லினக்ஸ் கணினிகளுக்கு இடையே தொடர்பு அறுந்துபோனால் குறை எங்கே என்று கண்டுபிடிக்கும் கலை பிறந்ததும் இவ்வூரில்தான் என்பதை மட்டும் ஏனோ எவரும் எழுதி வைக்கவில்லை. மாணிக்கவாசகரின் காலத்தைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டையிட்ட அறிஞர்களுக்கு இதற்கு நேரம் கிடைக்காமல் போயிருக்கலாம். அந்தக் குறையை இக்கட்டுரை போக்க முயல்கிறது.

ஆய்வுக் களம் எளியது. திருவாதவூரில் ஒரு வீட்டு மாடியில் உபுண்டு ஏற்றிய பழைய மேசைக்கணினி. மதுரை அண்ணா நகரில் கட்டுரையாளரின் தங்கை மகன் வைத்திருக்கும் மடிக்கணினி. இரண்டுக்கும் நடுவே ஒத்தக்கடையும் யானைமலையும் இருக்கின்றன. தரவுப் பொதி இந்தத் தூரத்தைச் சில மில்லி நொடிகளில் கடக்கும். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனாலும் போய்ச் சேருவதில் பஸ்ஸுக்கே நம்பகம் அதிகம் என்பது ஊரார் கருத்து. இவ்வாய்வு அதை மறுக்கத் துணியவில்லை.

2. முன்னோர் கொள்கைகள்

இத்துறையில் மூன்று கொள்கையினர் உள்ளனர்.

முதலாமவர் அணைத்தெழுப்புநர். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதே இவர்களின் மூல சூத்திரம். கேபிள் கடை முதல் வங்கிக் கவுன்ட்டர் வரை பரவியுள்ள பெருங்கூட்டம் இது. இவர்களுடைய மருத்துவம் பல நேரம் பலிக்கும். ரவுட்டர் புதிதாக முகவரி கேட்டுப் பெறும். தொங்கி நின்ற நிரல் ஒன்று செத்துப் பிழைக்கும். ஆனால் நோயோடு நோயின் தடயமும் அழிந்துவிடும். அதனால் அடுத்த வாரமும் இவர்களுக்கு வேலை உண்டு.

இரண்டாமவர் பழிசார்த்துநர். "லைன்லதான் பிரச்சினை" என்பார்கள். யாருடைய லைன் என்பதில்தான் இவர்களுக்குள் கிளைகள் பிரிகின்றன. மதுரைக் கிளை "உங்க ஊர் லைன் மாமா" என்கிறது. வாதவூர்க் கிளை "உன் ஆபீஸ் ஃபயர்வால்டா மாப்ளே" என்கிறது. இவ்விரு கிளைகளும் நெடுங்காலமாக அலைபேசியில் வாதிட்டு வருகின்றன. அலைபேசி இணைப்பு மட்டும் இதுவரை அறுந்ததில்லை.

மூன்றாமவர் வாசிப்போர். திரையில் கடைசியாக வந்த வரியை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுப் பிறகு கை வைப்பவர்கள். இவர்கள் தொகை மிகச் சிறிது. இக்கட்டுரை இவர்கள் பக்கம் நிற்கிறது.

3. தன் முதுகில் விழுந்த அடி

எந்தச் சோதனையும் தன்னிலிருந்தே தொடங்க வேண்டும். 127.0.0.1 என்பது ஒவ்வொரு கணினியும் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி; லூப்பேக் என்பார்கள். அதற்கு அனுப்பிய பொதி கம்பியைத் தொடுவதில்லை, அனுப்பியவரிடமே திரும்பும். இதற்கு மூல ஆதாரம் வைகைக் கரையில் உள்ளது. மாணிக்கவாசகர் வரலாற்றோடு பிணைந்த பிட்டுக்கு மண் சுமந்த கதையில், பாண்டியன் கூலியாளை ஓங்கி அடித்த பிரம்படி பாண்டியன் முதுகிலேயே விழுந்தது. அத்தோடு உலகத்து உயிர்கள் அனைத்தின் முதுகிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. முன்னது லூப்பேக், பின்னது பிராட்காஸ்ட். ஒரே அடியில் இரண்டையும் செய்துகாட்டிய சோதனை அதற்குப் பிறகு நிகழ்ந்ததாகத் தெரியவில்லை.

தன் முகவரி தேறினால் வீட்டு ரவுட்டர். அது தேறினால் வெளியுலகம். இந்த வரிசையை மாற்றுகிறவர், சொந்த வீட்டுக் கேபிள் கழன்று கிடக்க, அமெரிக்காவில் உள்ள சர்வரைத் திட்டுவார்.

4. சிலம்பொலி

1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் ஒரே மாலையில் எழுதி முடித்த சிறு நிரல்தான் பிங். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் எழுப்பும் ஒலியை அதற்குப் பெயராக வைத்தார். ஓசை எழுப்பினால் மறுவோசை வரும். வந்தால் அங்கே ஆள் இருக்கிறார். ஆளை நேரில் பார்க்க வேண்டியதில்லை.

திருவாசகத்தின் கீர்த்தித் திருஅகவலோ, இறைவன் வாதவூருக்கு வந்து தன் காற்சிலம்பின் ஒலியைக் காட்டியதைச் சொல்கிறது. உருவம் தெரிந்ததாகப் பேச்சில்லை, ஒலி மட்டும் எட்டியது, இருப்பு உறுதியாயிற்று. இது பிங் அன்றி வேறென்ன? மூஸ் திருவாசகம் படித்திருந்தாரா என்ற வினாவுக்குச் சான்று இல்லை. சான்றில்லாமை இத்துறையில் ஒரு தடையாக இருந்ததும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. சிலம்பொலி கேட்காததால் அங்கே ஒருவரும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பல ஃபயர்வால்கள் பிங்குக்கு மட்டும் வாய் திறப்பதில்லை. மற்ற வேலைகளை ஒழுங்காகச் செய்யும்.

5. மறுமொழி வகைமை

இக்கட்டுரையின் உயிர்நிலை இப்பகுதி. தொலைவிலுள்ள லினக்ஸ் கணினிக்குள் நுழையும் வழி எஸ்எஸ்ஹெச். பின்லாந்தின் டாட்டு யிலோனன் 1995-ல் இதை எழுதினார். அவருடைய பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதே அதற்குக் காரணம். கோப்பு மாற்றும் எஃப்டிபிக்கு 21-ஆம் கதவும் (போர்ட் என்பார்கள்) டெல்நெட்டுக்கு 23-ஆம் கதவும் ஏற்கெனவே இருந்தன. நடுவில் காலியாகக் கிடந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தக் கதவைத் தட்டினால் ஐந்து விதமான பதில் வரும்.

'குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்நேம்': கொடுத்த பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. இன்னும் வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை என்று பொருள். எழுத்துப்பிழையைப் பாருங்கள்; பிறகு பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்.

'நோ ரூட் டு ஹோஸ்ட்': அந்த முகவரிக்குப் போய்ச்சேர வழி அமையவில்லை. ஒரே வீட்டு வலைக்குள் இது வந்தால் எதிர்க் கணினி அணைந்திருக்கலாம், அல்லது அதன் ஃபயர்வால் இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

'கனெக்‌ஷன் டைம்டு அவுட்': தட்டியதற்குப் பதிலே இல்லை. முகவரி தவறு, மின்சாரம் இல்லை, மடிக்கணினி மூடி உறங்குகிறது, ஃபயர்வால் பொதியை ஓசையின்றி விழுங்கியது. இவற்றில் எதுவும் இருக்கலாம்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்': மறுத்துவிட்டது. பலரும் தலையில் கை வைக்கும் வரி இது. உண்மையில் இது மங்கலச் செய்தி. கம்பி சரி, முகவரி சரி, கணினி உயிரோடு இருக்கிறது. பெரும்பாலும் 22-ஆம் கதவில் காவலுக்கு ஆள் இல்லை, அவ்வளவே. உபுண்டுவின் மேசைக்கணினிப் பதிப்பில் எஸ்எஸ்ஹெச் சர்வர் இயல்பாக வருவதில்லை. தனியாக நிறுவ வேண்டும். வாதவூர்க் களத்தில் பல மாலைகளைத் தின்ற மர்மம் இந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது.

'பெர்மிஷன் டினைடு': இது மேலும் நல்ல செய்தி. உள்ளே ஆள் எழுந்து வந்து பேசிவிட்டார், சாவியைத்தான் ஏற்கவில்லை.

கடன் கேட்டுப் போன வீட்டில் "அவர் இல்லை" என்று அவர் குரலிலேயே பதில் வந்தால் ஆள் வீட்டில் இருப்பது உறுதி. கதவு பூட்டிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். இதிலிருந்து இவ்வாய்வின் அடிப்படை விதி பிறக்கிறது: மறுப்பு ஒரு தகவல், மௌனமே நோய்.

6. பரி நரியானால்

சில நாள் திரை முழுக்க @ குறிகளோடு, எதிர்க் கணினியின் அடையாளம் மாறிவிட்டது என்று லினக்ஸ் அலறும். முதல் சந்திப்பிலேயே எதிர்க் கணினியின் ஹோஸ்ட் கீயைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு முறையும் ஒப்பிடுவது எஸ்எஸ்ஹெச்சின் பழக்கம்.

அரிமர்த்தன பாண்டியனிடம் இந்த ஏற்பாடு இல்லை. பகலில் குதிரைகளை எண்ணி வாங்கினான். இரவில் அவை நரிகளாகி லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின. பரஞ்சோதி முனிவர் இரண்டு படலங்களில் விரித்துரைக்கும் இந்தப் பாதுகாப்பு மீறலுக்கு மன்னன் எடுத்த நடவடிக்கை, அமைச்சரான மாணிக்கவாசகரைச் சுடுமணலில் நிறுத்தியது. குறையை ஆராயாமல் நிர்வாகியைத் தண்டிக்கும் அலுவலக மரபின் தொடக்கமும் இதுவே என்று கருத இடமுண்டு.

நம் வீடுகளில் அடையாளம் மாறுவதற்கு நரி காரணமில்லை. ரவுட்டர் நேற்று ஒரு கணினிக்குக் கொடுத்த 192.168.1.7 என்ற முகவரியை இன்று வேறொன்றுக்குக் கொடுத்திருக்கும். அல்லது கணினியில் லினக்ஸைப் புதிதாக ஏற்றியிருப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் மட்டும் லாயத்தைப் பூட்டுங்கள்.

7. அன்னமும் ஒதுக்கிய இடமும்

பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் தன் நண்பன் உறையூர்க் கோப்பெருஞ்சோழனுக்கு அன்னத்தைத் தூது விடும் பாட்டு புறநானூற்றில் 67-ஆவது. வாயிற்காவலரிடம் கேட்டு நிற்காமல் நேரே அரண்மனைக்குள் போ, இன்னாரின் அடியவன் என்று சொல், சோழன் பரிசு தருவான் என்பது அன்னத்துக்கு இட்ட கட்டளை. ஃபயர்வாலைத் தாண்டிச் சென்று பயனர் பெயரை மட்டும் சொல்லி உள்ளே நுழைவது இன்றைய அளவுகோலில் கடுங்குற்றம்.

ஆனால் இதே நட்பின் பிற்பகுதி குறையைத் தீர்க்கிறது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், ஒருமுறையும் நேரில் பார்த்திராத ஆந்தையாருக்கு இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். ஆந்தையார் வந்தார், இடம் தயாராக இருந்தது. கடவுச்சொல் கேட்கவில்லை. நம்முடைய பொதுச் சாவியை எதிர்க் கணினியின் 'ஆதரைஸ்டு கீஸ்' கோப்பில் முன்கூட்டியே எழுதி வைப்பது இதே முறைதான். அந்தக் கோப்புக்கு 600, அது இருக்கும் அடைவுக்கு 700 என்று அனுமதி இருக்க வேண்டும். மற்றவரும் எழுதும்படி திறந்து கிடந்தால் எஸ்எஸ்ஹெச் நம்பாது.

அப்படியும் நுழைய முடியாவிட்டால் எதிர்க் கணினியின் லாகைப் படிக்க வேண்டும். வாதவூர் மலைக் குகைத்தளத்தில் இன்னார் செய்வித்தார் என்று பெயரோடு பொறித்த தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அவை வாசிக்கக் கிடைக்கின்றன. லினக்ஸ் லாகுகளோ சில வாரங்களில் சுழற்சி முறையில் அழிக்கப்படுகின்றன. இத்துறையில் நாம் பின்னேறியிருக்கிறோம்.

8. அண்மைக்காலச் சான்று

புராணத்தை ஏற்காதவர்களுக்காக வரலாறு. 2001-ல் சென்னை ஐஐடியும், எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தாரும் கைகோத்து, கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தால் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்களைத் தொடங்கினார்கள். வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். அந்த வேகத்திலேயே கிராமத்தாரின் கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

சில ஆண்டுகளில் அரவிந்தின் தேனி மருத்துவமனையையும் சுற்றியுள்ள கண் மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று நெடுந்தொலைவு வைஃபையால் இணைத்தது. கோபுரங்களில் இருந்தவை லினக்ஸ் ஓடிய சிறு ரவுட்டர்கள். மருத்துவமனை வலைக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய பொது முகவரி இல்லை. அமெரிக்காவிலிருந்து யாரும் உள்ளே நுழைய முடியாது. ஆகவே உள்ளிருக்கும் பெட்டியே வெளியே அழைத்து, தலைகீழ் எஸ்எஸ்ஹெச் சுரங்கம் ஒன்றைத் திறந்து வைத்தது. அந்தச் சுரங்கத்தின் வழியே பழுது பார்த்தார்கள்.

இன்று நம் வீட்டு ஃபைபர் இணைப்புகளும் பெரும்பாலும் அதே நிலையில்தான் உள்ளன. ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டிருக்கிறது. ரவுட்டரில் எத்தனை கதவு திறந்தாலும் வெளியிலிருந்து ஒருவரும் வர முடியாது. தேனி வழிதான் வழி: உள்ளிருந்து சுரங்கம், அல்லது 2020 முதல் லினக்ஸ் கெர்னலுடனேயே வரும் வயர்கார்டு விபிஎன். இரண்டுக்கும் வெளியே பொது முகவரி கொண்ட ஒரு கணினி வேண்டும்.

9. எதிர்வாதமும் விடையும்

இவ்வளவு கோட்பாட்டையும் கேட்டு முடித்த கேபிள்காரத் தம்பி எழுப்பிய ஒரே வினா: "சார், இன்னைக்கு ஷட்டவுனாச்சே, ரவுட்டருக்குக் கரண்டு எங்கிருந்து வரும்?" வீட்டில் இன்வர்ட்டர் உண்டு. மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. ரவுட்டரின் பிளக் மட்டும் இன்வர்ட்டர் லைனில் இல்லை.

கோட்பாடு இதனால் குலையவில்லை. தேனி ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட கட்டுரையும் பழுதுகளில் பெரும்பகுதியை மோசமான மின்சாரத்தின் தலையில்தான் கட்டியது. பெர்க்லி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து கண்டதை நம் தம்பி வாசலில் நின்றபடியே சொன்னார். இரண்டு முடிவுகளும் ஒத்துப்போவது ஆய்வின் நம்பகத்தை உயர்த்துகிறது.

10. முடிவும் விண்ணப்பமும்

கணினி பொய் சொல்வது அரிது. எந்தப் படியில் நின்றது என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடுகிறது, நாம்தான் படிப்பதில்லை. எனவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊரிலுள்ள கணினிப் பையனுக்குப் போன் போட்டு "நெட் வரலை" என்று இனிச் சொல்லாதீர்கள். திரையின் கடைசி வரியை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். அதற்கு முன் ரவுட்டரில் லைட் எரிகிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.