ஊஃபர் அண்ணன்

பெங்களூர் ஆஸ்டின் டவுன் பையன்கள் கால்பந்தில் கெட்டிக்காரர்களாக இருப்பதற்கு ஊரில் பல காரணம் சொல்வார்கள். வீட்டில் இருக்க முடியாமல் மைதானத்துக்கு ஓடிவிடுகிறார்கள் என்பது என் கட்சி. இருக்க விடாதவர், தெருவுக்கு ஒருவராக வாய்த்திருக்கும் ஊஃபர் அண்ணன்.

அண்ணன் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. ஒரு சோபா, ஒரு பீரோ, சுவரில் விவேக்நகர் குழந்தை இயேசு படம். மிச்ச இடமெல்லாம் ஸ்பீக்கர். போதாதென்று எஸ்.பி. ரோட்டிலிருந்து ஆட்டோவில் இன்னொரு பெட்டி வந்து இறங்கும்: பவர்டு சப்-ஊஃபர்.

"ஏற்கெனவே ரெண்டு இருக்கே அண்ணா?"

"பாவம்டா அதுங்க. பேஸ் பூரா அதுங்களே இழுக்குது, ஆம்ப்ளிஃபையரும் கொதிக்குது. இவனுக்கு உள்ளேயே தனி ஆம்ப் இருக்கு. இனிமே இவன் பாத்துப்பான்."

சொன்னதில் தப்பில்லை. சத்தம் குறையாமல் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், ஸ்பீக்கர் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓடியாக வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும். இளையராஜா பாட்டில் அது இறங்கிப் பேசும்போது ஐந்து இஞ்சு கோன் திணறத்தான் செய்யும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்-ஊஃபரிடம் விட்டுவிட்டால் கோன் நிதானப்படும், பாடுகிற குரல் தெளியும், ஆம்ப்ளிஃபையரும் மூச்சு விடும்.

விட்டால்தானே! ஆம்ப்ளிஃபையரை உள்ளே வைத்திருக்கும் ரிசீவர் ஒரு கேள்வி கேட்கும்: உன் ஸ்பீக்கர் 'லார்ஜ்' ஆ, 'ஸ்மால்' ஆ? இன்னும் தவணை முடியாத ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று ஒப்புக்கொள்ள அண்ணனுக்கு மனம் வருமா? 'லார்ஜ்' என்று அமுக்கினார். முழு பேஸும் பழையபடி அந்த ஸ்பீக்கருக்கே போயிற்று. சப்-ஊஃபர் சும்மா கிடந்தது. உடனே, இரண்டுக்கும் சேர்த்து அனுப்பும் வசதியைத் தேடிப் பிடித்துப் போட்டார். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் போர்ட்டருக்குக் கூலியும் கொடுத்துவிட்டு, மூட்டையைத் தன் தலையிலும் சுமந்த கதைதான்.

அடுத்து, பெட்டியைச் சுவர் மூலையில் தள்ளினார். மூலை தன் பங்குக்கு பேஸைத் தூக்கிக் கொடுக்கும். அண்ணன் குமிழையும் கடைசிவரை திருகினார். கீழ் வீட்டு ஆன்ட்டி படியேறி வந்தார்.

"ஏம்பா, ஷெல்ஃபுல டம்ளரெல்லாம் தானா நடக்குது!"

"ஃபீல் ஆச்சா ஆன்ட்டி?" என்றார் அண்ணன், பெருமை தாங்காமல்.

நம்மையும் உட்கார வைத்து, "முன்னைவிட எப்படி?" என்பார். சோபா ஆடுவதில் நம் தலையும் ஆடும். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்.

சப்-ஊஃபர் வந்தால் பழைய ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் தேறுமா? தேறும், பேஸை அவற்றிடமிருந்து பிடுங்கினால் மட்டும். வாங்கியவர்கள் கௌரவம் பார்க்காமல் 'ஸ்மால்' என்று அமுக்குங்கள். பெட்டி தனியாகக் கேட்காத அளவுக்குக் குமிழைக் குறையுங்கள். "தனியா கேக்காதுன்னா அப்புறம் எதுக்குடா வாங்கினேன்?" என்று உங்களுக்குக் கோபம் வந்தால், நீங்கள்தான் உங்கள் தெருவின் ஊஃபர் அண்ணன்.