புறக்கடை அறையில் 24 டிகிரி

எங்கள் வீட்டுச் சமையலறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று என் மனைவி கேட்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. போன கார்த்திகையில் வாங்கிவிட்டேன். வாங்கிவந்து புறக்கடையில் இருக்கும் பழைய சாமான் அறையில் மாட்டினேன். காளானுக்காக.

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவது நாளுக்கு இரண்டு சொற்கள். "சாப்பாடு ஆறுது."

திருவண்ணாமலைக்காரனுக்கு வெக்கையைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சித்திரையில் இந்தப் பாறை மலை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க எங்கள் தலையில் கொட்டும். 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையில் இருந்த ரமண மகரிஷியே கோடையில் மாமரக் குகைக்கு இடம் மாறியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் குளிரை என்ன செய்வது என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மார்கழி பிறந்தால் மஃப்ளர் கட்டிக்கொள்வோம், அவ்வளவுதான் எங்கள் ஞானம். காளானுக்கு மஃப்ளரை எங்கே கட்டுவது?

வெயில் ஊருக்குப் பால் காளான்தான் தோது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். 30, 35 டிகிரியிலும் அது பாட்டுக்கு வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஏ.பி.கே. 2 என்று அதில் ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. நான்தான் குளிர்காலத்தில் இறங்குகிறேனே, அதனால் சிப்பிக் காளான் என்று முடிவெடுத்தேன். முடிவில் தப்பில்லை. எடுத்தவன்தான் தப்பு.

வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, வெந்நீரில் வேகவைத்து, பிழிந்து, பாலிதீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு வித்து என்று அடைத்து எட்டுப் படுக்கைகள் கட்டினேன். மலை உச்சியில் தீபம் ஏற்றிய மறுநாள் அவற்றை உறி போலத் தொங்கவிட்டேன். 2668 அடி உயரத்தில் 11 நாள் நெய்த்தீபம் எரிகிறது. அந்தச் சூட்டில் ஒரு டிகிரி என் புறக்கடைக்கு இறங்கி வரக்கூடாதா? வரவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன், தெர்மாமீட்டர் 18 காட்டியது. வித்து பரவுவதற்கு 25 பக்கம் இருக்க வேண்டும்.

ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்தேன். சூடு நின்றது. பத்துப் பதினைந்து நாள் கழித்து மொட்டும் வந்தது. ஆனால் சிப்பி மாதிரி விரிய வேண்டியது, தீக்குச்சி மாதிரி தண்டு நீண்டு, நுனியில் சட்டைப் பித்தான் அளவு குடையோடு நின்றது. காளானும் நம்மைப் போலத்தான் மூச்சு விடுகிறது. அறை மூடிக் கிடந்தால் அது விட்ட கரியமில வாயு அங்கேயே தேங்கும். நல்ல காற்றைத் தேடித் தண்டு நீளும், குடை விரியாது. அதற்குத்தான் எக்ஸாஸ்ட் ஃபேன். ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். கரியமில வாயு போனது, கூடவே சூடும் ஈரமும் போய்விட்டன.

சூட்டுக்கு 100 வாட் குண்டு பல்பு இரண்டு போட்டேன். காற்று சூடேறினால் அதன் ஈரப்பதம் இறங்கிவிடும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். 80, 85 சதவீதம் இருக்க வேண்டியது 50க்கு வந்தது. மொட்டெல்லாம் சுண்டைக்காய் வற்றலாயிற்று. அடுத்து மாமியாரின் குமுட்டி அடுப்பில் கரி மூட்டி வைத்தேன். மூடிய அறையில் கரி எரித்தால் முதலில் போவது காளான் இல்லை, நான்தான் என்பதை மகள் வந்து சொல்லி, என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். சரி என்று அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கவிட்டேன். சூடும் ஈரமும் சேர்ந்து வந்ததும் காளானைவிட அதிகமாக மகிழ்ந்தது பச்சைப் பூஞ்சை. எட்டில் மூன்று படுக்கை பாசி படிந்த கோயில் குளம் மாதிரி ஆகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வந்தார். சாக்கு அடைத்த ஜன்னல், விடிய விடிய விளக்கு, ஓயாத ஃபேன், ஒருமாதிரி வாடை. (வேகவைத்த வைக்கோலின் வாடை அது. சத்தியமாக.) ஊரோ சாமியார்கள் நிறைந்த ஊர்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. உள்ளே என்ன... செடி கிடி ஏதாவது?"

எனக்கு வியர்த்துவிட்டது. மார்கழியில் அந்த வீட்டில் கிடைத்த ஒரே வெப்பம் அதுதான்.

"சார், செடின்னா வெளிச்சம் வேணும் சார், இருட்டுல வராது. அதுவும் நீங்க நினைக்கிறதைப் பயிர் பண்ணினா 1985 போதைப்பொருள் சட்டத்துல 20ஆம் பிரிவு. பத்து வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். தனியா இலை இருந்தா கஞ்சாக் கணக்குல வராது சார், பூநுனிதான் வரும். இப்படி எல்லாம் இருக்கும்போது நான் போய்..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இவ்வளவு விவரம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கதவைத் திறந்து காளானைக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு அது மறுநாள்தான் தோன்றியது. அவர் இப்போது கிரிவலத்துக்கு எங்கள் தெரு வழியாகப் போவதில்லை.

கடைசியில் வழி கிடைத்தது, ஏழை வழி. நாலு குடத்தில் தண்ணீர் நிரப்பிப் பகலெல்லாம் மொட்டை மாடி வெயிலில் வைப்பது. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கி அறையில் வைப்பது. சூடு மெதுவாக இறங்கும், கொஞ்சம் ஈரமும் கொடுக்கும். ஜன்னலை உச்சி வேளையில் திறப்பது, ஃபேனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மட்டும் போடுவது. முதுகு பிடித்துக்கொண்டது, ஆனால் அறை 24 டிகிரியில் நின்றது. ஈரம் 80. குடை விரிந்தது. முதல் பறிப்பில் அறுநூறு கிராம். நான் போட்ட பணத்துக்கு அந்தக் காளான் ஒவ்வொன்றுக்கும் மூக்குத்தி போட்டிருக்கலாம்.

வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் மாமியார். பொங்கலுக்கு முந்தின வாரம் பாயும் தலையணையுமாக உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

"அத்தை, இது காளான் ரூம்."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. அது அது பாட்டுக்குத் தொங்கட்டும், நான் என் பாட்டுக்குப் படுத்துக்கிறேன்."

ஐந்து படுக்கையோடு ஆறாவதாக ஒரு மூச்சு. ஃபேனைப் போட்டால் உள்ளேயிருந்து குரல் வரும், "மாப்பிள்ளை, குளிருது!" நிறுத்திவிடுவேன். நேற்றுப் பறித்ததில் தண்டு மறுபடியும் நீளம், குடை பித்தான் அளவு.

அதைக் கூடையில் பார்த்த என் மனைவி, இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஐந்து சொற்கள் சேர்ந்தாற்போலப் பேசினாள்.

"அந்த ஃபேன் இப்போ சும்மாதானே கிடக்கு?"

கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.