முனகலியல்: ஐம்பத்தைந்துக்கு மேல் எடைப் பயிற்சி தொடங்குவோர்க்கு ஒரு முன்னாய்வு

ஐம்பத்தைந்தைக் கடந்த ஒருவர் வீட்டிலேயே எடைப் பயிற்சி செய்யப்போவதாக வாய் தவறிச் சொல்லிவிட்டால், முதலில் வந்து சேர்வது ஆலோசனைதான். மகன் ஆன்லைனில் டம்பெல் பார்த்து வைப்பான். மருமகள் ரப்பர் பட்டை போதும் என்பாள். எதிர் வீட்டுக்காரர், தம் வீட்டில் துணி காய்ந்துகொண்டிருக்கும் உடற்பயிற்சி சைக்கிளைப் பாதி விலைக்குத் தரச் சித்தமாக இருப்பார். யூடியூபில் ஒரு இளைஞர் "ரொம்ப ஈஸி அங்கிள்" என்றபடி ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவார். இவர்கள் எல்லாருமே கருவியில் தொடங்குகிறார்கள். இக்கட்டுரையின் கருதுகோள் வேறு. எந்தப் பயிற்சி தேவை என்பதைச் சம்பந்தப்பட்ட உடம்பே பல ஆண்டுகளாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சோபாவிலிருந்து எழும்போது "முருகா", தண்ணீர் வாளியைத் தூக்கும்போது "அம்மாடி", வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றும்போது எழுத்தில் அடங்காத ஓர் உறுமல். இந்த ஒலிகள் எங்கெங்கே எழுகின்றன என்று குறித்துக்கொண்டால் பயிற்சிப் பட்டியல் தானாகத் தயாராகிவிடும். இத்துறைக்கு முனகலியல் என்று பெயரிடுகிறோம்.

வலிமையை அளக்கும் மரபு நமக்கு இல்லாமல் இல்லை. தென் மாவட்டக் கிராமங்களில் இன்றும் கிடக்கும் இளவட்டக்கல் அதற்குச் சாட்சி. பிடிமானமே இல்லாத அந்த உருண்டைக் கல்லை முழங்கால், மார்பு, தோள் என்று ஏற்றிப் பின்னால் தள்ளியவனுக்குப் பெண் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஆனால் இந்த மரபில் ஓர் ஓட்டை இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கல் உண்டு. திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மாமனாருக்கென்று எந்த ஊரும் ஒரு சிறு கல்லைக்கூடப் போட்டு வைக்கவில்லை. கல் அவசியமாகத் தேவைப்பட்டவர் அவர்தான். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது என்பது பொதுவான கணக்கு. இந்தத் தேய்வுக்கு அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் 1989-இல் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். பெயர் இருந்தால்தான் ஆராய்ச்சி உலகம் திரும்பிப் பார்க்கும் என்பது அவர் வாதம். பெயர் வருமுன்பே நம் கூடங்களில் அதற்கு ஒலி இருந்தது.

இனிச் சான்றுகள். முனகல் தரவுகளில் பெரும்பகுதி உட்கார்ந்து எழும் இடங்களில் கிடைக்கிறது. அழைக்கப்படும் தெய்வம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அழைக்கப்படும் உயரம் மாறுவதில்லை. உயரமான சாப்பாட்டு மேசை நாற்காலி பெரும்பாலும் மௌனமாக விடும். தாழ்ந்த சோபா ஒரு தெய்வத்தையும், கோயில் பிரகாரத்துத் தரை இரண்டையும் கூப்பிட வைக்கும். கட்டில், மேசை, மேலை நாட்டுக் கழிவறை எல்லாம் வந்த பிறகு தரையோடு புழங்கும் வாழ்க்கை அடுக்ககங்களில் அற்றுப்போனது. கல்யாணப் பந்திகூட மேசைக்கு ஏறிவிட்டது. ஆகவே முனகல் குறைந்ததுபோலத் தோன்றினால் அதைப் பலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்கு ஒரு சோதனை உண்டு. 1999-இல் ரிக்லி, ஜோன்ஸ் என்ற இருவர் வெளியிட்டது. 17 அங்குல நாற்காலியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ண வேண்டும். 60 முதல் 64 வயதுக்குள் இருக்கும் ஆண் 14-க்குக் கீழும், பெண் 12-க்குக் கீழும் எடுத்தால் சராசரிக்குக் குறைவு. சோதனையே சிகிச்சை என்பதுதான் இதன் அழகு: அதே நாற்காலியில் எட்டு முதல் பன்னிரண்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. உட்காரும்போது எழும் 'பொத்' என்ற ஓசையையும் ஆய்வாளர் பதிவு செய்ய வேண்டும். தொடைத் தசை நீண்டுகொடுத்து உடலைத் தாங்கி இறக்க வேண்டிய கடைசி அரையடியில் கையை விரித்துவிட்டது என்பதன் அறிவிப்பு அது. மூன்று எண்ணி மெல்ல இறங்கினால், எழுவதைவிட அதுவே கடினம் என்று தெரியவரும்.

மற்ற ஒலிகளை விரைவாகப் பார்த்துவிடலாம். முறுக்கு டின்னை லாஃப்டில் ஏற்றும்போது வருவது தோளின் குரல்; இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு கிலோ, தலைக்கு மேல் தூக்க ஆரம்பத்துக்கு அது போதும். தரையில் கை ஊன்றும்போது வருவது மார்பின், கையின் குரல். அவற்றுக்குச் சுவரில் தண்டால், பிறகு சமையல் மேடையில், கடைசியாகத் தரையில். வாளியின் "அம்மாடி" முதுகைச் சேர்ந்தது. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டித் தன் பக்கம் இழுக்கலாம். ஊறுகாய் பாட்டில் மூடி திறக்காதபோது வரும் "ச்சே" மட்டும் சற்று நின்று கவனிக்கத் தக்கது. 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. கைப்பிடி வலு ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் மரண அபாயம் 16 விழுக்காடு கூடியிருந்தது. இதைப் படித்துவிட்டு ஸ்பிரிங் கிரிப்பரைக் கையில் வைத்து டிவி முன்னால் நசுக்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கினால் காய்ச்சல் இறங்கிவிடாது. பிடி குறைந்தது உடம்பு முழுவதும் குறைந்ததன் அடையாளம். இரு கையிலும் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தால் பிடியோடு தோள், இடுப்பு, கால் எல்லாமே வேலை செய்யும்.

முனகல் என்பது பலக்குறைவல்ல, அது குடும்பத் தலைவரின் தோரணை, அதைச் சான்றாகக் கொள்ளலாகாது என்று மாற்றுக் கருத்தினர் கூறுவர். நியாயமான ஐயம். தூங்கும் பேரக் குழந்தையைக் கட்டுப்பாட்டுக் கருவியாகக் கொண்டு இதைத் தீர்க்கலாம். முக்கால் மணி நேரம் தாலாட்டித் தூங்க வைத்த குழந்தை பக்கத்தில் கிடக்கும்போது, ஓசைப்படாமல் தரையிலிருந்து எழ முடிந்தவரின் முனகல் தோரணை. அவர் பட்டியலிலிருந்து அதை அடித்துவிடலாம். முடியாமல் குழந்தை எழுந்து, மகளின் பார்வைக்கும் ஆளானவரின் முனகல் உண்மையான தரவு.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்பது அடுத்த தடை. அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் இருந்தவரை இதில் பாதி உண்மை இருந்தது. மிக்ஸியும் கிரைண்டரும் வந்து அதையும் எடுத்துக்கொண்டன. அதைவிட முக்கியம், வீட்டுச் சுமை வளர்வதில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், காயம்பட்ட வீரர்களுக்குச் சுமையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் முறையை 1945-இல் எழுதினார். அதன் பிறகு வந்த எடைப் பயிற்சிக்கெல்லாம் அதுதான் அஸ்திவாரம். முப்பது வருடமாக ஒரே அளவு வாளியைத் தூக்கும் உடம்பு அந்த வாளிக்கு வேண்டியதற்கு மேல் ஒரு பிடி தசையைக்கூட வளர்க்காது. பன்னிரண்டு முறை அலுக்காமல் தூக்க முடிந்துவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும்; இன்னும் இரண்டு தடவை முடியும் என்ற கட்டத்தில் நிறுத்த வேண்டும். "நான்தான் தினமும் வாக்கிங் போகிறேனே" என்பவர்களுக்கும் தப்பிக்க வழியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடை போன்ற மிதமான உழைப்பை ஒரு கணக்காகவும், வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியை வேறொரு கணக்காகவும் எழுதியிருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்ற முடியாது.

"இந்த வயசுக்கு மேல் என்ன வளரப் போகிறது" என்போருக்கு பாஸ்டன் பதில் சொல்லியிருக்கிறது. தொண்ணூறு வயதையொட்டிய, முதியோர் இல்லத்தில் தளர்ந்து வாழ்ந்த பத்துப் பேரைச் சேர்த்து மரியா ஃபியாடரோன் குழுவினர் எட்டு வாரம் கடினமான எடைப் பயிற்சி கொடுத்தனர். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. 1990-இல் வெளியான முடிவு இது. ஐம்பத்தெட்டு வயதுக்காரர் அவர்கள் முன்னால் பாலகன். ஆனால் முனகல் வேறு, அலறல் வேறு. மூட்டில் சுருக்கென்று குத்தினால், நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் அது நம் துறையைச் சேர்ந்ததல்ல, மருத்துவருடையது. ரத்த அழுத்தமோ குடலிறக்கமோ இருப்பவர்களும், அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் தொடங்குமுன்பே அவரிடம் கேட்டுவிட வேண்டும். தூக்கும்போது மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக எகிறும். அதனால் எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். "முருகா" என்று சொல்லி எழுபவர் இதை அறியாமலே செய்துவருகிறார். அவரைத் திருத்த வேண்டியதில்லை.

கடைசித் தடை பஞ்சாங்கம். ஆடியில் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்பர். பிறந்தால் ராகு காலம் என்பர். ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றும் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். மூன்றையும் முழுதாகக் கழித்த பிறகும் ஒரு நாளில் 19½ மணி நேரம் கைவசம் நிற்கிறது. மேலே சொன்ன பட்டியலுக்குத் தேவை ஏறத்தாழ 25 நிமிடம். சந்திராஷ்டமம் மாதத்துக்கு இரண்டேகால் நாள்தான். வாரத்துக்கு இரண்டு நாள் என்ற கணக்கில் அதுவும் கைவைக்கவில்லை.