வேண்டவே வேண்டாம், 1,300 கோடி யூரோ!

வரி கட்ட மாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். வரியை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று போனது அயர்லாந்து அரசாங்கம். ஆப்பிள் நிறுவனம் உங்களுக்கு 1,300 கோடி யூரோ வரை பாக்கி, வட்டியோடு வசூல் செய்யுங்கள் என்று 2016-இல் ஐரோப்பிய ஆணையம் சொன்னதும், டப்ளின் பதறிப்போய் வக்கீல் வைத்தது.

ஆணையத்தின் கணக்குப்படி, 2014-இல் ஆப்பிளின் துணை நிறுவனம் ஒன்று தன் லாபத்துக்குக் கட்டிய வரி 0.005 சதவீதம். பத்து லட்சம் யூரோ சம்பாதித்தால் ஐம்பது யூரோ. லாபத்தில் பெரும்பகுதி ஒரு 'தலைமை அலுவலக'த்தின் பெயரில் எழுதப்பட்டது. அதற்கு ஊழியரும் கிடையாது, கட்டடமும் கிடையாது. நம்மூர் பினாமிக்காவது ஒரு ரேஷன் கார்டு இருக்கும்.

இந்த உபசாரத்தில் மயங்கிப் பல பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றின. விளைவு, 2015-இல் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 26 சதவீதம் வளர்ந்துவிட்டதாகப் புள்ளிவிவரம் வந்தது. எந்தக் குடிமகனின் பாக்கெட்டிலும் அது தட்டுப்படவில்லை. கடைசியில் புள்ளியியல் துறையே கூச்சப்பட்டு, அந்த மாயக் கணக்கைக் கழித்துப் பார்க்கத் தனி அளவுகோல் செய்துகொண்டது.

வழக்கு? 2020-இல் அயர்லாந்து ஜெயித்துத் தொலைத்தது. நல்லவேளையாக, 2024 செப்டம்பரில் ஐரோப்பிய உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. வட்டியோடு சுமார் 1,400 கோடி யூரோ! தீர்ப்பை மதிப்பதாக அரசாங்கம் அறிக்கை விட்டது. பிறகு, பணத்தை எதில் செலவழிப்பது என்று கட்சிகள் மோதிக்கொண்டன.